தேம்ஸ் கரையில் காயின் ஸ்ட்ரீட் போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், பெரும் அலுவலக வளாகம் எழவிருந்த நிலத்தை அப்பகுதி மக்கள் 1977 முதல் 1984 வரை போராடித் தங்கள் பொறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். நகரமைப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நான் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்வதுண்டு. கேட்பவர்களுக்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. சிலர் இதை அதிசயம் என்கிறார்கள். சிலர் கட்சி ஆட்சியில் கிடைத்த சலுகை என்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது என் கருத்து. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் விடைகள் எளிதாக விளங்கும்.

காயின் ஸ்ட்ரீட் என்பது எங்கே இருக்கிறது? சுருக்கமாக என்னதான் நடந்தது?

வாட்டர்லூ பாலத்துக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் இடையே, ஆற்றின் தென்கரையில், லாம்பெத், சதர்க் என்ற இரண்டு நகராட்சிகளின் எல்லையை ஒட்டி இருக்கும் பகுதி இது. காயின் ஸ்ட்ரீட் என்பது அங்கே உள்ள ஒரு சிறிய தெருவின் பெயர். போராட்டம் நடந்த நிலம் அந்தத் தெருவைச் சுற்றி, ஆற்றங்கரை முதல் ஸ்டாம்ஃபோர்ட் ஸ்ட்ரீட் வரை, ஏறத்தாழ 13 ஏக்கர் பரப்பில் துண்டு துண்டாகப் பரவியிருந்தது.

அந்த நிலத்தில் பத்து லட்சம் சதுர அடிக்கு மேல் அலுவலகங்கள் கட்டும் திட்டம் வந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் அதை எதிர்த்ததோடு நிற்காமல், வீடுகள், பூங்கா, ஆற்றோர நடைபாதை, கடைகள், சிறு தொழிற்கூடங்கள் அடங்கிய மாற்றுத் திட்டம் ஒன்றையும் வகுத்து அதற்கு அனுமதி கேட்டார்கள். ஏழு ஆண்டுகளில் இரண்டு பொது விசாரணைகள் நடந்தன. 1984இல் நிலம் முழுவதும் அப்பகுதி மக்கள் அமைத்த, இலாப நோக்கமற்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது.

மாநகரத்தின் நடுவே, ஆற்றங்கரையில், அவ்வளவு நல்ல இடம் ஏன் பாழாகக் கிடந்தது?

அன்று அது நல்ல இடமாக எவருக்கும் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தென்கரை என்பது படகுத்துறைகளும் கிடங்குகளும் அச்சகங்களும் அவற்றில் உழைத்தவர்களின் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகள், போருக்குப் பிந்தைய குடிசை அகற்றம், 1951இல் நடந்த பிரிட்டன் விழா என்ற தேசியக் கண்காட்சிக்காகவும் அதைத் தொடர்ந்து வந்த பெரிய நிறுவனங்களுக்காகவும் இடிக்கப்பட்ட தெருக்கள், ஆற்றின் கீழ்ப்பக்கம் நகர்ந்துபோன சரக்குப் போக்குவரத்து ஆகிய எல்லாமாகச் சேர்ந்து அங்கிருந்தவர்களை வெளியேற்றின. நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 50,000 பேர் வாழ்ந்த அந்த வட்டாரத்தில் 1970களின் தொடக்கத்தில் எஞ்சியவர்கள் சுமார் 4,000 பேர்தான்.

ஆள் குறைந்தால் பள்ளியில் பிள்ளை குறையும், பள்ளி மூடினால் பிள்ளை உள்ளவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள், அவர்கள் போனால் கடை மூடும். இந்தச் சுழலில்தான் எஞ்சியிருந்தவர்கள் சிக்கியிருந்தார்கள். நிலத்தை வைத்திருந்தவர்கள் பெரிய திட்டத்தை எதிர்பார்த்து அதைச் சும்மா போட்டு வைத்திருந்ததும் பாழுக்கு ஒரு காரணம்.

அலுவலகம் வந்தால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்குமே. அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

வேலை வரும் என்பது உண்மை. யாருக்கு வரும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அச்சகத்திலும் படகுத்துறையிலும் வேலை இழந்தவர்களுக்கு நிதி நிறுவனத் தலைமையகங்களில் இடம் கிடைக்காது. அந்த வேலைகளுக்கு வருபவர்கள் காலையில் வாட்டர்லூ நிலையத்தில் இறங்கி மாலையில் அதே நிலையத்தில் ரயிலேறிப் போய்விடுவார்கள். அவர்களால் பள்ளியும் நிறையாது, ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையும் நடக்காது.

இதைவிட ஆழமான காரணம் இன்னொன்று உண்டு. 4,000 பேராகச் சுருங்கிவிட்ட ஒரு குடியிருப்புக்கு மீண்டும் உயிர் வர வேண்டுமானால் புதிய வீடுகள் வேண்டும், அவற்றுக்கு நிலம் வேண்டும். அந்த வட்டாரத்தில் பெரிய அளவில் எஞ்சியிருந்த நிலம் இது ஒன்றுதான். இதுவும் அலுவலகமாகிவிட்டால் அதன் பிறகு கேட்பதற்கு நிலமே இருக்காது. ஆகவே அவர்கள் அலுவலகங்களைக் கொள்கையளவில் வெறுத்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. தங்கள் பகுதி குடியிருப்பாகத் தொடர்வதற்கு இருந்த கடைசி வாய்ப்பை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவே.

கட்ட வந்தவர்களின் திட்டம் அவ்வளவு மோசமானதா?

கட்டடக் கலையை மட்டும் வைத்துப் பார்த்தால் மோசம் என்று சொல்ல முடியாது. கிரேகோட் கமர்ஷியல் எஸ்டேட்ஸ் என்ற நிறுவனம் இதற்காக அமர்த்தியது ரிச்சர்ட் ராஜர்ஸை. ரென்சோ பியானோவுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த பாரிஸ் பாம்பிடு மையம் 1977இல்தான் திறக்கப்பட்டிருந்தது. வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஆறு வரை கண்ணாடிக் கூரையிட்ட நீண்ட நடைவெளி, அதன் இருபுறமும் உயர்ந்தும் தாழ்ந்தும் அடுக்கடுக்காக நிற்கும் அலுவலகக் கட்டடங்கள், தேம்ஸின் குறுக்கே புதிய நடைப்பாலம் என்று அந்த வரைபடங்கள் இன்றும் கட்டடக் கலை மாணவர்கள் எடுத்துப் பார்க்கும் தரத்தில் இருக்கின்றன.

அங்கு வாழ்ந்தவர்களுக்கோ அது தங்கள் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் இடையே எழும் மதிலாகத் தெரிந்தது. நல்ல வடிவமைப்பாளரை அமர்த்திவிட்டதால் நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. இந்த விவாதத்தில் பலரும் வழுக்கி விழும் இடம் இது. ஒரு தரப்பு கட்டடத்தின் அழகைப் பேசியது. மறுதரப்பு நிலத்தின் பயனைப் பேசியது.

எதிர்த்தவர்கள் யார்? கட்சிக்காரர்கள் தூண்டிவிட்ட கூட்டம்தானே?

1977இல் தொடங்கப்பட்ட காயின் ஸ்ட்ரீட் ஆக்‌ஷன் குரூப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்களும் அங்கே பணிபுரிந்த சமூகப் பணியாளர்களுமே. வாட்டர்லூவிலும் வடக்கு சதர்க்கிலும் 1970களின் தொடக்கத்திலிருந்தே இயங்கிவந்த குடியிருப்போர் அமைப்புகள் அவர்களுக்குப் பின்பலமாக இருந்தன. அவர்களில் ஒருவரான பெர்னடெட் ஸ்பெயின் என்பவரின் நினைவாகத்தான் இன்று அங்கே உள்ள பூங்காவுக்கு பெர்னி ஸ்பெயின் கார்டன்ஸ் என்று பெயர்.

கட்சி அரசியல் இதில் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். தொழிற்கட்சியின் பிடியில் இருந்த லாம்பெத் நகராட்சி அவர்களுக்கு ஆதரவாக இருந்தது. ஆனால் கட்சி வந்து அவர்களைத் திரட்டவில்லை. திரண்ட பிறகு அவர்கள் கட்சியைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள்.

சொந்தமில்லாத நிலத்துக்கு அவர்கள் எப்படித் திட்ட அனுமதி கேட்க முடிந்தது?

நான் சொல்லும்போது பெரும்பாலோர் நம்ப மறுக்கும் இடம் இதுதான். பிரிட்டனின் திட்டச் சட்டப்படி எந்த நிலத்துக்கும் எவர் வேண்டுமானாலும் திட்ட அனுமதி கோரலாம். நில உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர, உரிமையாளராக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

இதை அவர்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். வெறும் எதிர்ப்பு மனுவோடு போயிருந்தால் விசாரணையில் விவாதம் ஒரே ஒரு திட்டத்தின் குறைநிறைகளைச் சுற்றியே நடந்திருக்கும். அந்தத் திட்டம் வேண்டாம் என்றால் பாழ்நிலம் அப்படியே கிடக்கட்டுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருந்திருக்காது. தங்கள் திட்டத்தையும் முறையான விண்ணப்பமாக வைத்ததால், இரண்டு விண்ணப்பங்களையும் ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு ஏற்பட்டது.

அனுமதி என்பது வேறு, நில உரிமை என்பது வேறு. அனுமதி பெற்றுவிட்டதால் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் திருப்பங்களும் இதைப் பற்றியே நிற்கின்றன.

அந்த நிலம் அப்போது யாருடையது?

ஏறத்தாழப் பாதி கிரேட்டர் லண்டன் கவுன்சில் என்ற மாநகர அரசுக்குச் சொந்தம். மறுபாதி தனியார் வசம் இருந்து கிரேகோட்டின் கைக்கு வந்தது. இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் ஒழுங்காகப் பிரிந்து கிடக்கவில்லை, ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஆகவே ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் பெரிதாக எதையும் கட்ட முடியாது.

பொது விசாரணை என்றால் என்ன? மக்கள் வந்து மனு கொடுத்துவிட்டுப் போவதுதானா?

இல்லை, அது கிட்டத்தட்ட நீதிமன்ற நடைமுறை. அரசு நியமிக்கும் திட்ட ஆய்வாளர் ஒருவர் தலைமை வகிப்பார். விண்ணப்பித்தவர்களும் எதிர்ப்பவர்களும் சாட்சிகளை நிறுத்துவார்கள். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். போக்குவரத்து, வெளிச்சம், வேலைவாய்ப்பு, வீட்டுத் தேவை என்று ஒவ்வொன்றுக்கும் சான்றுகள் கேட்கப்படும். இறுதியில் ஆய்வாளர் பரிந்துரையோடு அறிக்கை எழுதித் துறை அமைச்சரிடம் கொடுப்பார். முடிவு அமைச்சருடையது, பரிந்துரையை ஏற்கவும் மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

பணம் படைத்த நிறுவனம் மூத்த வழக்கறிஞர்களையும் வல்லுநர்களையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்த முடியும். எதிரே குடியிருப்போர் தங்கள் வேலைநேரம் போக மிஞ்சிய நேரத்தில் கோப்புகளைப் படித்துத் தயாராக வேண்டும். இதை இரண்டு முறை, மாதக்கணக்கில், அவர்கள் தாங்கிப் பிடித்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பாக இருக்கும் பகுதி. ஊர்வலமும் முழக்கமும் புகைப்படத்துக்கு உதவும். குறுக்கு விசாரணையில் சான்றுகள்தான் பேசும்.

முதல் விசாரணையில் யார் வென்றார்கள்?

யாரும் வெல்லவில்லை. 1979இல் நடந்த விசாரணைக்குப் பிறகு, மார்கரெட் தாட்சர் அரசில் சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹெசல்டைன் 1980இல் எல்லா விண்ணப்பங்களையும் நிராகரித்தார். அலுவலகத் திட்டம் அளவுக்கு மீறிப் பெரிது. வீட்டுத் திட்டமோ அந்த இடத்துக்கு உரிய வேலைவாய்ப்பை வழங்கவில்லை. சாரமாகச் சொன்னால் அவருடைய முடிவு இதுதான். இரு தரப்பும் திருத்திக்கொண்டு மீண்டும் வர வேண்டியிருந்தது. மக்கள் தங்கள் திட்டத்தில் தொழிற்கூடங்களுக்கும் கடைகளுக்கும் கூடுதல் இடம் ஒதுக்கினார்கள். மேலே நாம் பார்த்த ராஜர்ஸ் வடிவத்தோடு கிரேகோட் வந்தது.

இரண்டாவது முறை இரு தரப்புக்கும் அனுமதி கொடுத்தாராமே? ஒரே நிலத்தில் இரண்டு திட்டம் எப்படி முடியும்?

முடியாதுதான், ஆனால் சட்டப்படி அதில் முரண்பாடு இல்லை. அனுமதி என்பது இந்த இடத்தில் இதைக் கட்டினால் திட்டமிடல் நோக்கில் தடையில்லை என்று அரசு சொல்வது மட்டுமே. ஒரே நிலத்துக்குப் பத்து வகையான அனுமதிகள்கூட இருக்கலாம். எது கட்டப்படும் என்பதை நில உரிமையாளர்தான் தீர்மானிக்கிறார். 1981-82இல் நடந்த இரண்டாவது விசாரணைக்குப் பிறகு, 1982 டிசம்பரில் ஹெசல்டைன் இரண்டுக்கும் அனுமதி வழங்கினார்.

சந்தை முடிவு செய்துகொள்ளட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சாதாரணமாக அப்படி விட்டால் அதிக விலை கொடுக்கக்கூடிய அலுவலகத் தரப்புதான் வெல்லும். இங்கே அப்படி நடக்கவில்லை. பாதி நிலம் சந்தைக்கு வரவே இல்லை.

கையில் அனுமதி இருந்தும் நிறுவனம் ஏன் விற்றுவிட்டுப் போனது?

1977 தேர்தலில் கிரேட்டர் லண்டன் கவுன்சிலைக் கைப்பற்றிய கன்சர்வேடிவ் கட்சி அலுவலகத் திட்டத்துக்குச் சாதகமாக இருந்தது. 1981 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். புதிய நிர்வாகம் மக்களின் திட்டத்தை ஆதரித்து, தன் பாதி நிலத்தை அலுவலகத்துக்குத் தரமாட்டேன் என்று நின்றது. நிலம் கலந்து கிடந்ததை மேலே பார்த்தோம். ஆகவே கிரேகோட்டிடம் இருந்தது அரை நிலமும் முழு அனுமதியும். அதை வைத்துக்கொண்டு அஸ்திவாரம்கூட வெட்ட முடியாது.

காத்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கவுன்சிலையே கலைப்போம் என்று 1983 தேர்தல் அறிக்கையில் கன்சர்வேடிவ் கட்சி சொல்லியிருந்ததால் காத்திருப்பதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் கட்ட முடியாத நிலத்தில் பணத்தை முடக்கிக்கொண்டு, ஓயாமல் எதிர்க்கும் மக்களுக்கு முன்னால், எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு எந்த வணிக நிறுவனத்துக்கும் கசக்கும். 1984இல் கிரேகோட் தன் பங்கைக் கவுன்சிலுக்கே விற்றது.

13 ஏக்கரை 7.5 லட்சம் பவுண்டுக்குக் கொடுத்தார்களாம். அடிமாட்டு விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு அதைப் போராட்டம் என்று சொல்லலாமா?

தொகை சரி. கிரேகோட்டின் பங்கை வாங்கி நிலத்தை ஒன்றாக்கிய கவுன்சில், அதே 1984இல் முழு நிலத்தையும் காயின் ஸ்ட்ரீட் கம்யூனிட்டி பில்டர்ஸ் என்ற நிறுவனத்துக்கு 7,50,000 பவுண்டுக்கு விற்றது. அந்த நிறுவனத்தை அமைத்தவர்கள் போராடிய மக்களேதான். அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள்தான் அதில் உறுப்பினராக முடியும். இலாபத்தை எவரும் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

விலை ஏன் குறைந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நிலத்தின் விலை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு நிலத்தில் எதைக் கட்டலாம், அதில் எவ்வளவு வருமானம் வரும், கட்டும் செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கிலிருந்துதான் விலை வருகிறது. கவுன்சில் விற்பதற்கு முன், இந்த நிலத்தை மக்களின் திட்டத்தில் கண்டபடி குறைந்த வாடகை வீடுகளுக்கும் பூங்காவுக்கும் அது சார்ந்தவற்றுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கிரயப் பத்திரத்திலேயே கட்டுப்பாடு விதித்தது. அந்தக் கட்டுப்பாட்டோடு மதிப்பிட்டால் அந்த விலைதான் வந்தது. அலுவலகம் கட்டும் உரிமையோடு கொடுத்திருந்தால் அது அடிமாட்டு விலை. அந்த உரிமையை நீக்கிவிட்டுக் கொடுத்ததை அப்படிச் சொல்வது பொருந்தாது. அதிக விலைக்கு விற்றுப் பணத்தை வேறு நலத்திட்டங்களுக்குச் செலவிட்டிருக்கலாமே என்று வாதிடுபவர்கள் உண்டு. அது நேர்மையான வாதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தை நகரின் ஒவ்வொரு மையப்பகுதிக்கும் நீட்டினால், குறைந்த வருமானக்காரர்கள் மையத்தில் வாழ இடமே இராது.

அப்படியானால் இது லிவிங்ஸ்டன் செய்த உபகாரம்தானே? மக்கள் வென்றதாக ஏன் சொல்கிறீர்கள்?

1981இல் ஆட்சி மாறியிராவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கும்; இதில் ஐயமில்லை. ஆனால் ஆட்சி மாறியபோது கவுன்சிலின் மேசையில் வைப்பதற்கு, விசாரணையில் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட, செயல்படுத்தத்தக்க திட்டம் ஒன்று ஆயத்தமாக இருந்தது. நான்கு ஆண்டுகள் அலுவலகத் திட்டத்தைக் கட்டவிடாமல் நிறுத்திவைத்ததும் மக்கள்தான். அவர்கள் 1978இல் சோர்ந்து போயிருந்தால் லிவிங்ஸ்டன் பதவிக்கு வந்தபோது அங்கே தூண்கள் எழுந்திருக்கும்.

காலநெருக்கடியையும் கணக்கில் கொள்ள வேண்டும். கவுன்சில் 1986 மார்ச் 31 அன்று கலைக்கப்பட்டது. நிலம் கைமாறியதற்கும் அதற்கும் இடையே இரண்டு ஆண்டுகூட இல்லை. ஆகவே நற்பேறும் இதில் உண்டு. அந்த நற்பேறு வந்தபோது தயாராக இருந்தது மக்களின் பங்கு.

நிலம் கிடைத்துவிட்டது சரி. கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?

நிலத்தை வாங்கியதே கடனில்தான். கவுன்சிலும் அது உருவாக்கிய தொழில் முதலீட்டு அமைப்பும் கடன் கொடுத்தன. கட்டடங்கள் எழாத பகுதிகளை வாகன நிறுத்துமிடமாக வாடகைக்கு விட்டு வட்டி கட்டினார்கள். வீடுகளுக்கு அரசின் வீட்டுவசதி மானியம் கிடைத்தது. ஆற்றோரத்தில் கேப்ரியல்ஸ் வார்ஃப் என்ற கடைத்தொகுதியை 1988இல் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கினார்கள். அது இன்றும் வருமானம் தருகிறது.

முதலில் எதைச் செய்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பாழடைந்த கட்டடங்களை அகற்றி, ஆற்றோர நடைபாதையையும் பூங்காவையும் 1988க்குள் திறந்துவிட்டார்கள். அன்றுமுதல் அந்தக் கரையில் எவரும் நடக்கலாம்.

அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள்? இன்றைக்கு விற்றால் கோடிக்கணக்கில் போகுமே, விற்க மாட்டார்களா?

விற்க முடியாது, ஏனென்றால் குடியிருப்பவர்கள் தனித்தனி உரிமையாளர்கள் அல்லர். ஒவ்வொரு தொகுதியும் ஒரு கூட்டுறவுச் சங்கம். குடியிருப்பவர் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். உறுப்பினர்கள் எல்லாரும் அங்கே குடியிருப்பவர்கள். வாடகை, பழுதுபார்ப்பு, விதிமுறைகள் ஆகியவற்றைச் சங்கமே கவனித்துக்கொள்கிறது. புதிதாக வருபவர்கள் கூட்டுறவை நடத்துவது பற்றிய பயிற்சியை முடித்த பிறகே உறுப்பினராகிறார்கள். வீட்டுத் தேவை உள்ளவர்களுக்கே வீடு.

இந்த அமைப்பைத் தேர்ந்ததற்குச் சட்ட நோக்கிலும் வலுவான காரணம் உண்டு. தாட்சர் அரசின் 1980 வீட்டுவசதிச் சட்டம், அரசு வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் தாம் இருக்கும் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. அப்படி வாங்கப்பட்ட வீடுகள் பின்னர் சந்தைக்கு வந்தன. குடியிருப்பவர்களே முழுவதும் உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுகளுக்கு அந்த உரிமை பொருந்தாது. ஆகவே 1988இல் குடியேறிய தலைமுறை விற்றுவிட்டுப் போய், அடுத்த தலைமுறைக்கு வீடில்லாமல் போகும் நிலை இங்கே வரவில்லை.

இத்தனை ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு மொத்தம் எத்தனை வீடுகள்?

220. மல்பெரி என்ற கூட்டுறவில் 56 வீடுகள், 1988இல் முடிந்தன. பாம் கூட்டுறவில் 27, 1994இல். அடுத்துச் சொல்லப்போகும் ஆக்ஸோ டவர் வார்ஃபில் ரெட்வுட் கூட்டுறவின் 78 வீடுகள். 2001இல் ஐரோகோ கூட்டுறவில் 59. எண்ணிக்கை குறைவு என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. 13 ஏக்கரில் இன்னும் வேகமாகவும் இன்னும் நெருக்கமாகவும் கட்டியிருக்கலாம். பொது மானியங்கள் சுருங்கிய காலத்தில், கட்டுப்பாடுகளுடன் கூடிய நிலத்தில், அது எவ்வளவு தூரம் முடிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

ஆக்ஸோ கோபுரத்தின் உச்சியில் விலையுயர்ந்த உணவகம் இருக்கிறதே. ஏழைகளுக்காகப் போராடியவர்கள் பணக்காரர்களுக்கு விருந்து வைப்பதா?

அந்தக் கட்டடம் முதலில் அஞ்சல் துறைக்கான மின் நிலையம். 1920களில் இறைச்சிச் சாறு தயாரிக்கும் லீபிக் நிறுவனம் அதை வாங்கிக் குளிர்பதனக் கிடங்காக மாற்றிக் கட்டியது. வான்விளிம்பில் விளம்பரப் பலகை வைக்க அனுமதி கிடைக்காததால், கோபுரத்தின் சன்னல்களையே தன் தயாரிப்பான ஆக்ஸோவின் எழுத்து வடிவில் அமைத்துக்கொண்டது அந்த நிறுவனத்தின் குறும்பு. காயின் ஸ்ட்ரீட் மக்கள் அதை இடிக்காமல் 1990களில் புதுப்பித்தார்கள்.

கீழ்த் தளங்களில் கைவினைஞர்களின் கடைகள், நடுத் தளங்களில் கூட்டுறவு வீடுகள், உச்சியில் உணவகம். உச்சியின் வாடகை மற்றவற்றைத் தாங்குகிறது. லண்டனிலேயே மிக அழகான ஆற்றுக் காட்சிகளில் ஒன்றை, குறைந்த வாடகை கட்டும் குடும்பங்கள் தங்கள் சன்னலிலிருந்து பார்க்கிறார்கள் என்பதையும் அந்த உணவகத்தின் விலைப்பட்டியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

உயரமான கட்டடத்தை எதிர்த்தவர்களே பிறகு 43 மாடிக் கோபுரம் கட்ட முயன்றார்களாமே?

உண்மைதான். அருகிலுள்ள டூன் ஸ்ட்ரீட்டில், பொது நீச்சல்குளமும் விளையாட்டு மையமும் கட்டும் செலவை ஈடுகட்ட, சந்தை விலையில் விற்கும் வீடுகள் கொண்ட 43 மாடிக் கோபுரத்துக்குக் காயின் ஸ்ட்ரீட் நிறுவனம் விண்ணப்பித்தது. அரசின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பும் ஆற்றின் மறுகரையில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சியும் எதிர்த்தன. மறுகரையின் வரலாற்றுக் கட்டடமான சாமர்செட் மாளிகையின் முற்றத்திலிருந்து பார்த்தால் கோபுரம் கூரைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும் என்பது முக்கியமான குறை. பொது விசாரணையில் ஆய்வாளர் வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் 2008இல் அதை மீறி அனுமதித்தார். உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் தோற்றது.

இதை இரட்டை வேடம் என்று சொல்பவர்களுக்கு என் விடை ஒன்றே. 1977இல் எழுந்த வாதம் உயரத்தைப் பற்றியது மட்டுமன்று, நிலத்தின் வருமானம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றியது. அந்த அளவுகோலில் டூன் ஸ்ட்ரீட் திட்டத்துக்கு விளக்கம் உண்டு. அதே நேரம், பழைய விசாரணைகளில் மதில் என்றும் நிழல் என்றும் பேசியவர்கள் பிறகு எதிர்த்தரப்பின் நாற்காலியில் அமர நேர்ந்தது, நிலத்தை நடத்தும் பொறுப்பு வந்ததும் கணக்குப் புத்தகமும் கூடவே வந்துவிட்டதைத்தான் காட்டுகிறது.

இப்போது அதே கரையில் மீண்டும் அலுவலகக் கட்டடம் வருகிறதாமே? அன்று தடுத்தவர்களால் இன்று ஏன் முடியவில்லை?

பெர்னி ஸ்பெயின் பூங்காவுக்கும் தேசிய நாடக அரங்குக்கும் நடுவே ஐடிவி தொலைக்காட்சியின் படப்பிடிப்புக் கூடங்கள் இருந்தன. 2018இல் அவை வெளியேறின. 72 அப்பர் கிரவுண்ட் என்ற முகவரியுள்ள அந்த இடத்தில் பெரும் அலுவலக வளாகம் கட்டும் திட்டத்துக்கு லாம்பெத் நகராட்சி 2022இல் இசைவு தந்தது. பூங்காவின் மீதும் நடைபாதையின் மீதும் நிழல் விழும், வீடு ஒன்றுகூட இல்லை என்று குடியிருப்போர் எதிர்த்தார்கள். அரசு அதைத் தன் பரிசீலனைக்கு எடுத்து 2022 டிசம்பரில் பொது விசாரணை நடத்தியது. 2024 பிப்ரவரியில் அமைச்சர் மைக்கேல் கோவ் அனுமதி வழங்கினார்.

இன்றைய எதிர்ப்பாளர்களுக்கு முனைப்புக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. விசாரணைக்கு அவர்களும் சான்றுகளோடுதான் போனார்கள். வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. 1982இல் இரண்டு அனுமதிகள் இருந்தும் அலுவலகம் எழாமல் போனதற்குக் காரணம், பாதி நிலம் மக்கள் தேர்ந்தெடுத்த மாநகர மன்றத்தின் கையில் இருந்ததும் அந்த மன்றம் விற்க மறுத்ததும்தான். தொலைக்காட்சி நிலையத்தின் நிலமோ தனியாரிடமிருந்து தனியாருக்கு முழுதாகக் கைமாறியது. லாம்பெத் நகராட்சியும் 1970களில் இருந்ததைப் போல எதிர்ப்பவர்களின் பக்கம் இல்லை. ஆகவே அமைச்சர் இசைந்த பிறகு கட்டுவதைத் தடுக்க நீதிமன்றத்தைத் தவிர அவர்களுக்கு வேறு வாசல் இருக்கவில்லை.